ரொம்ப நல்லதுங்க

லூர்துமேரி டீச்சர் சமையலறைத் தரையில் கிடந்தபடி, "அம்மிணி, விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல" என்று கத்தியபோது, மோகனா சொன்ன பதில் இதுதான்: "அப்படிங்களா டீச்சர், ரொம்ப நல்லதுங்க. மருந்து போட்டுக்கிட்டீங்களா?"

கேட்பவர்களுக்கு நெஞ்சு பதறும். சொன்னவளுக்குப் பதறவில்லை. அது அவளுக்கு அன்றைய நாற்பத்தோராவது அழைப்பு. சொல்லி முடித்துவிட்டு நாற்பத்திரண்டாவதுக்குப் போய்விட்டாள். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அவள் அதை வேண்டாவெறுப்பாகச் சொல்லவில்லை. அவ்வளவு பிரியமாகச் சொன்னாள். பெற்ற மகள்கூட அத்தனை பிரியமாகக் கேட்க மாட்டாள். அந்தப் பிரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அவளைத் திட்டுவது நியாயமில்லை. திட்டத்தான் வேண்டுமென்றால் முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

உடுமலைப்பேட்டையிலிருந்து பழனி போகும் சாலையில் ஒரு பழைய கல்யாண மண்டபம். ஜனங்கள் கல்யாணத்தை மலையடிவாரச் சொகுசு விடுதிகளுக்குக் கொண்டுபோய்விட்டதால் அது சும்மா கிடந்தது. அதன் சாப்பாட்டுக்கூடத்தில் பந்தி மேசைகளை அகற்றிவிட்டு, கண்ணாடித் தடுப்பு வைத்து, வரிசைக்கு இருபதாக அறுபது இருக்கைகள் போட்டார்கள். 'பக்கத்து வீடு' என்று சேவைக்குப் பெயர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக இருக்கும் பெரியவர்களைத் தினமும் காலையில் கூப்பிட்டு நலம் விசாரிக்க வேண்டும். பெரியவர் போனை எடுக்கக்கூட வேண்டியதில்லை. சமையலறைச் சுவரில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி மாட்டிவிடுவார்கள். குறித்த நேரத்தில் அது தானாகத் திறந்து பேசும், பேசுவதைக் கேட்கும். அதிலிருந்து யாரையும் கூப்பிட முடியாது, அவ்வளவுதான் குறை.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சாப்டாச்சுங்களா?"

அதற்காகவே கொங்குப் பக்கத்துப் பெண்களாகப் பார்த்து எடுத்தார்கள். அந்த 'ங்க'வில் இருக்கும் மரியாதை கேட்பவர்களுக்கு இதமாக இருக்குமாம். முப்பத்திரண்டு வயது மோகனப்பிரியா அங்கே சேர்ந்த புதிதில், அதை வேலையாகவே நினைக்கவில்லை. ஒரு தாத்தா தோசை கருகிவிட்டது என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். மூட்டுவலி என்று யாராவது சொன்னால் மறுநாள் மறக்காமல் கேட்பாள். புருஷன் தினகரன் குஜராத்தில் காற்றாலை மெக்கானிக், இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவான். பிள்ளை இல்லை. வீட்டில் பேச ஆளில்லாத குறையை இங்கே பேசித் தீர்த்துக்கொண்டாள்.

திண்டுக்கல் லூர்துமேரி டீச்சர்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்தவர். எழுபத்து நான்கு வயது. பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில். ஒன்பது பத்துக்கு அழைப்பு. "என்ன அம்மிணி, இன்னிக்கு எத்தனை 'ங்க' போடப் போறே?" என்றுதான் ஆரம்பிப்பார்.

"சாப்டாச்சுங்களா டீச்சர்?"

"ஆச்சு, ஆச்சு. நீ சாப்ட்டியா?"

அவள் தினமும் கூப்பிடும் நூற்றிருபது பேரில் திருப்பிக் கேட்பவர் அவர் ஒருவர்தான். "ஆச்சுங்க" என்பாள் மோகனா. பாதி நாள் பச்சைப் பொய். நம் ஊரில் இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று யார் சொல்கிறார்கள்? பட்டினி கிடப்பவனும் 'ஆச்சு' என்றுதான் சொல்வான்.

பேசி முடித்ததும் பெட்டி தானாகக் கேட்கும், "இன்றைய பேச்சு எப்படி இருந்தது? ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லுங்கள்." எல்லோரும் 'அஞ்சு' என்பார்கள். பாவம், நல்ல பிள்ளை, எதற்குக் குறைப்பானேன் என்று. பதிலே சொல்லாவிட்டாலும் ஐந்து என்று கணக்கு.

இப்படியே ஒரு வருடம் ஓடியது. நூற்றிருபது பேரிடம் ஒரே கேள்வியை ஒரே பிரியத்தோடு கேட்பதென்றால் சும்மாவா? மதியம் ஆனால் பெண்களின் குரல் தட்டையாகிவிட்டது. அப்போதுதான் மேலாளர் ஞானசேகர் ஒரு நாள் எல்லோரையும் கூட்டி, கழுத்தில் மாட்டும் ஒரு பட்டையைக் காட்டினார். விரல் அகலம், தோல் நிறம்.

"நீங்க வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் பேசினதெல்லாம் நம்மகிட்ட பதிவா இருக்குதுங்க. அப்ப எவ்வளவு ஆசையா பேசினீங்க! இனி நீங்க எப்படிப் பேசினாலும், இந்தப் பட்டை அதைப் பிடிச்சு அந்த முதல் மாசக் குரல்ல வெளிய விட்டுரும். வார்த்தை உங்களுது. குழைவு மட்டும் பட்டையோடது."

"கடுகடுன்னு பேசினாலுங்களா சார்?" என்றாள் ஒருத்தி.

"கேக்கறவங்களுக்குக் கற்கண்டாத்தான் இருக்கும். இருமினா, பெருமூச்சு விட்டா அதுவும் போகாது. உங்களுக்கு நல்லதுதானுங்க. தொண்டைக்கும் மனசுக்கும் ஓய்வு."

எல்லோரும் கை தட்டினார்கள். மோகனாவும் தட்டினாள்.

மேசைமேல் ஒரு சின்ன விளக்கும் வந்தது. சோர்வுமானி என்று அதற்குப் பெயர். பேசுகிறவள் களைத்துப்போனால் சிவப்பு எரியும், உடனே விடுப்பு உண்டு என்றார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த விளக்கு கேட்டது பட்டை வழியாக வந்த குரலை. காய்ச்சல்காரன் வாயில் ஐஸ் கட்டியை வைத்துவிட்டு தெர்மாமீட்டரைச் செருகியது மாதிரி, அது இரண்டு வருடமும் பச்சையாகவே எரிந்தது.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. அவள் காதில் மாட்டிய கருவியிலும் அந்தக் குரல்தான் திரும்பி ஒலித்தது. தன் குரலைத் தானே கேட்பாள். சிரிப்பும் குழைவுமாக, சேர்ந்த புதிதில் இருந்தது போலவே இருக்கும். எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன் என்று நினைத்துக்கொள்வாள்.

நன்றாக இல்லை. காலையில் எழும்போதே ஒரு நாள் முழுக்க வேலை பார்த்த அலுப்பு இருக்கும். பால் பொங்கி வழிவதை அடுப்புப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், அணைக்கக் கை போகாது. குழம்பில் உப்பில்லை என்பது சாப்பிட்டு முடித்தபிறகும் தெரியாது. பிடித்த சீரியல் ஓடும், கதை என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு தடவை காய்கறிக் கடைக்காரர், "அம்மிணி, எங்கப்பா தவறிட்டாருங்க, ரெண்டு நாளா கடை இல்லை" என்றபோது, "அப்படிங்களா, ரொம்ப நல்லதுங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்துத்தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, தனக்குச் சோம்பேறித்தனம் ஏறிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாள் பத்து நிமிடம் முன்னதாகவே வேலைக்குப் போனாள். பைத்தியக்காரி.

தினகரன் ஒரு நாள் போனில், "ஏன் புள்ள இப்படி எரிஞ்சு விழற? ரெண்டு வார்த்தை ஆசையா பேசக் கூடாதா?" என்று வருத்தப்பட்டான். அவன் மேல் தப்பில்லை. அவளுக்கு ஆசையாகப் பேசத்தான் ஆசை, வரவில்லை. அன்று முதல் வீட்டுக்கு வந்தாலும் பட்டையைக் கழற்றாமல் அவனோடு பேசினாள். "இப்பத்தான் புள்ள பழைய மோகனாவா இருக்க" என்று அவன் குளிர்ந்து போனான். அவன் ஊருக்கு வரும் நாட்களிலும் தொண்டை வலிக்குப் பத்துப் போட்டிருக்கிறேன் என்று சொல்லி, பட்டையைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிக்கொண்டாள். அவளாகச் செய்த தப்பு அது. யாரும் செய்யச் சொல்லவில்லை.

இப்போது டீச்சர் விழுந்த நாளுக்கு வருவோம்.

மறுநாள் காலை அவள் பட்டியலில் லூர்துமேரி என்ற பெயருக்குப் பக்கத்தில் வீட்டுக்குப் பதில் 'மருத்துவமனை' என்று இருந்தது. என்னவாம் என்று ஞானசேகரிடம் கேட்டாள்.

"விழுந்துட்டாங்களாமுங்க. இடுப்பெலும்பு முறிவு. போன் படுக்கையறைல இருந்திருக்கு. சமையலறை ஆணியில அவங்க பழைய விசில் தொங்கியிருக்கு. துடைப்பத்தால அதைத் தட்டி எடுத்து ரெண்டு மணி நேரம் ஊதியிருக்காங்க. அதைக் கேட்டுத்தான் மாடி வீட்டுக்காரங்க வந்து கதவை உடைச்சாங்களாம்."

"எத்தனை மணிக்குங்க சார் விழுந்தாங்க?"

"ஒம்பதுக்கு."

"ஒம்பது பத்துக்கு நான் பேசினேனுங்களே."

ஞானசேகர் பதிவைப் போட்டுக் காட்டினார். அவள் கேட்டாள். டீச்சர் கத்துகிறார். அவளுடைய குரல், தேன் வழிய, ரொம்ப நல்லதுங்க என்கிறது. பிறகு நாளைக்குக் கூப்பிடறேனுங்க என்கிறது. பிறகு பெட்டி மதிப்பெண் கேட்கிறது. தரையில் கிடந்த டீச்சர் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆகவே ஐந்து.

அப்படிச் சொன்ன ஞாபகமே அவளுக்கு இல்லை. "சார், விழுந்துட்டேன்னு சொல்றாங்க. நான் நல்லதுங்கன்னு சொல்றேன். தப்பு என்னுதுங்க."

"கருவி எந்தத் தப்பும் காட்டலைங்களே." அவரும் மாட்டியிருந்த பட்டைக்குள்ளிருந்து ஞானசேகரின் குரல் எப்போதும்போல் இதமாக வந்தது. "பெர்த்ல இருக்கற மகளும் கேட்டாங்க. எங்கம்மாகிட்ட இவ்வளவு அன்பா பேசறாங்களேன்னு நன்றிதான் சொன்னாங்க. வார்த்தையை யாருங்க கவனிக்கறாங்க? உங்க குரலுக்குத்தான் மூணு கிளையிலயும் அதிக மார்க். மேல என்ன கேக்கறாங்க தெரியுங்களா? புதுசா வர்றவங்களுக்கு முதல் மாசக் குரல்னு தனியா எதுக்கு, உங்களுதையே போட்டுட்டா என்னன்னு கேக்கறாங்க. பெருமைப்படுங்க."

அவள் அழ வேண்டும் என்று நினைத்தாள். அழுகையும் வரவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்தபோது விளக்கு பச்சையாக எரிந்தது.

ஒன்பது பத்துக்கு டீச்சரின் போனுக்கு அழைப்பு போனது. மருத்துவமனை இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் மெலிந்து கேட்டது. இன்று அந்த 'சாப்டாச்சுங்களா' அவளுக்கு வாயில் வரவில்லை.

"டீச்சர்" என்றாள். "நேத்து நான்... என்னை மன்னிச்சிருங்க டீச்சர். எனக்கு என்னமோ ஆயிருச்சுங்க. யார் என்ன சொன்னாலும் காதுல விழறதில்லைங்க. என்னால முடியலைங்க டீச்சர்."

நெஞ்சு வெடித்துச் சொன்ன வார்த்தைகள் அவை. பட்டை அவற்றை வாங்கி, கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி வெளியே விட்டது. அவள் காதிலேயே அது ஒலித்தது. என்னால முடியலைங்க டீச்சர் என்று ஒரு பெண் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி அம்மிணி, நெசமாவே உன் தொண்டைக்குப் பின்னால ஒரு ஆளு இருக்கியா?"

"இருக்கேனுங்க டீச்சர்."

"சிரிச்சுக்கிட்டே முடியலைங்கறே. நேத்து சிரிச்சுக்கிட்டே ரொம்ப நல்லதுன்னே. தரையில கிடந்தப்ப எனக்கு இடுப்பு வலியைவிட அதுதான் பயமா இருந்துச்சு. பேய்கூட இப்படிப் பேசாது." மூச்சு வாங்கினார். "உன் மேல எனக்குக் கோவந்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நேத்துலருந்து யோசிச்சுப் பாத்தேன். போன வாரம் எங்க வீட்டு வேப்பமரத்தை வெட்டிட்டாங்கன்னு சொன்னேன், அதுக்கும் நல்லதுன்னே. அதுக்கு முந்தி எம் தங்கச்சி செத்ததுக்கும். நாந்தான் மரமண்டை மாதிரி அந்தக் குரலைக் கேட்டுட்டு அஞ்சு அஞ்சுன்னு சொல்லிட்டே இருந்திருக்கேன்."

"டீச்சர்..."

"பேசாம கேளு. அஞ்சு சொன்னா உன்னை அங்கேயே வச்சிருப்பாங்க. ரிலே ஓடற புள்ளைங்க மயக்கம் வர்ற வரைக்கும் ஓடும்டி, தானா நிக்காது. விசில் ஊதினாத்தான் நிக்கும். பெட்டி மாட்டும்போதே கேட்டு வச்சிருக்கேன், மூணு நாள் சேர்ந்தாப்ல ஒண்ணு விழுந்தா ஆளைக் கூப்பிட்டு நேர்ல விசாரிப்பாங்களாமே? நான் ஒண்ணுதான் சொல்லப் போறேன். என்னைத் திட்டிக்க." பிறகு வழக்கம் மாறாமல், "சரி, நீ சாப்ட்டியா?" என்றார்.

"ஆச்சுங்க" என்றாள் மோகனா. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அன்று ஒண்ணு. மறுநாள் ஒண்ணு. மூன்றாம் நாளும் ஒண்ணு. இரண்டு வருடமாக நிற்காமல் ஏறிய மதிப்பெண் பலகையில் அவள் பெயர் கீழே இறங்கியதைப் பார்த்து அவளுக்கு வந்தது கோபம். சொன்னால் வெட்கம், டீச்சரை மனசுக்குள் வண்டை வண்டையாகத் திட்டினாள். இத்தனை நாள் உயிரைக் கொடுத்துப் பேசினேனே, கிழவிக்கு நன்றி இருக்கிறதா பார் என்று. அவ்வளவு தூரம் போய்விட்டிருந்தாள்.

நான்காம் நாள் ஞானசேகர் அறைக்குக் கூப்பிட்டார். முன்பு மணமகள் அறையாக இருந்த இடம். சுவரில் ஆளுயரக் கண்ணாடி இன்னும் இருந்தது.

"உங்களுக்கு என்னங்க பிரச்சனை? விளக்கு பச்சையாத்தானே இருக்கு?"

மோகனா கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தோலில் வெள்ளையாக ஒரு தடம் விழுந்திருந்தது. குளிக்கவும் படுக்கவும் கழற்றுவாள். ஆனால் கழற்றியபின் யாரோடும் பேசியதில்லை.

"எனக்கு முடியலைங்க சார்" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். வறண்டு, தாழ்ந்து, ஏற்ற இறக்கமே இல்லாமல் இருந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். முகம் இந்தக் குரலுக்குத்தான் பொருத்தமாக இருந்தது. எத்தனை நாளாக இப்படி? யாரும் பார்க்கவில்லையா? நானே பார்க்கவில்லையே! அப்போதுதான் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. வந்ததும் நிற்கவில்லை.

ஞானசேகர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு தன் சட்டைக் காலருக்குள் கைவிட்டுத் தன் பட்டையைத் தளர்த்தினார்.

"எனக்கும் ரெண்டு வருசமா இப்படித்தான்" என்றார். அவருடைய குரல் அவளுடையதைவிடச் செத்துப்போயிருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது. "மேல சொல்லிப் பாத்தேன். போன்லதான் சொல்ல முடியும். சந்தோசமா சொல்றீங்களே, ஜோக்குங்களான்னு கேட்டாங்க. எம் பொண்ணு பேரு சில நேரம் சட்டுன்னு ஞாபகத்துக்கு வர்றதில்லைங்க."

"அப்ப நீங்களும் வந்துருங்க சார்."

அவர் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்பதா இல்லை என்பதா தெரியவில்லை. பட்டையை மறுபடி இறுக்கினார். இதமான குரல் திரும்பி வந்தது. "உங்க நலனை முன்னிட்டு இன்னியோட உங்களை விடுவிக்கறோமுங்க. ஒப்பந்தப்படி பதிவான குரல் நிறுவனத்துக்கே சொந்தம். இத்தனை நாள் ஒத்துழைப்புக்கு நன்றிங்க."

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் தூங்கினாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். எழுவாள், எதையோ சாப்பிடுவாள், படுப்பாள். எங்காவது போன் மணி அடித்தால் தலையணையைக் காதில் அழுத்திக்கொள்வாள். நாலு நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். அதெல்லாம் ஆகவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு மனநல டாக்டரம்மா, "ரெண்டு வருசமா காலி பண்ணினதை நாலு நாள்ல ரொப்ப முடியாதும்மா. ஒரு நாளைக்கு ஒரு வேலை போதும். நாளைக்கு என்னன்னு கேக்காதே" என்று சொல்லி அனுப்பினார். ஒரு நாள் துணி மடித்தாள். அதுதான் அன்றைய வேலை. ஒரு நாள் வாசல் வரை போய் நின்றுவிட்டு வந்தாள்.

தினகரன் பதறிப்போய் வந்தான். அவள் பட்டை இல்லாமல் அவனோடு பேசினாள். நடந்ததையெல்லாம் அந்த வறண்ட குரலில் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "அப்ப இத்தனை நாளா நான் யாருகூட புள்ள பேசிட்டிருந்தேன்?" என்றான்.

"மூணு வருசத்துக்கு முந்தி இருந்த என்கூட மாமா."

அவனுக்கு அது பெரிய அடி. இரண்டு நாள் அவள் பேசும்போதெல்லாம் யாரோ அந்நியர் பேசுவதுபோல் நிமிர்ந்து பார்த்தான். ஆனாலும் பதினைந்து நாள் விடுப்பைக் கூட்டிப் போட்டுக்கொண்டு கூடவே இருந்தான். சோற்றைக் குழைய வடித்து, ரசம் என்று ஒன்றை வைத்தான். ஆறாம் நாள் அதை வாயில் வைத்தவள், "தூ, உப்புக் கரிக்குது மாமா" என்றாள். சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். உப்பு தெரிந்தது! அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். இரண்டு வருடத்தில் அவள் சொந்தமாகச் சிரித்த முதல் சிரிப்பு. கரகரவென்றுதான் இருந்தது.

அவன் வேலைக்குத் திரும்பியபின் அவளுக்கு ஒரே ஒரு வேலைதான் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. டீச்சரைப் பார்க்க வேண்டும். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். திட்டினதையும் சொல்லிவிட வேண்டும். விலாசம் அவளுக்கு மனப்பாடம். விடிந்ததும் கிளம்பி, பழனியில் பேருந்து மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் திண்டுக்கல்லில் அந்தத் தெருவில் நின்றாள்.

வீடு பூட்டியிருந்தது. வேப்பமரம் வெட்டிய இடத்தில் அடிக்கட்டை மட்டும் இருந்தது. "டீச்சர் இல்லைங்களா?" என்று மோகனா குரல் கொடுத்ததும் மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். பெர்னத் என்று பெயர் சொன்னார், கதவை உடைத்துத் தூக்கியது அவர்கள் வீட்டார்தான்.

"டீச்சரைப் பாக்கவா வந்தீங்க? அவங்க போயி இருபது நாளாச்சேம்மா. ஆஸ்பத்திரியிலயே நிமோனியா வந்துருச்சு. படுத்தே கிடந்தா வந்துருமாம்ல. கொஞ்சம் முன்னாடியே தூக்கியிருந்தா தேறியிருப்பாங்கன்னாங்க. ரெண்டு மணி நேரம் ஈரத்தரையில கிடந்திருக்காங்க பாவம்."

மோகனா அடிக்கட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அந்த இரண்டு மணி நேரம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அந்த அம்மாளிடம் சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நீங்க டீச்சர்கிட்ட படிச்ச புள்ளையா?" என்றார் பெர்னத். பிறகு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், பயப்படாதீங்க. தினமும் இந்நேரத்துக்கு உள்ள பேச்சுச் சத்தம் கேக்குதும்மா. அந்தப் பெட்டிதான். மக வந்து அவசரத்துல காரியத்தை முடிச்சுட்டுப் போயிருச்சு, அதை நிறுத்தச் சொல்லல போல, டீச்சர் வீட்டுக்குத் திரும்பிட்டாங்கன்னு நினைச்சு மறுபடி இங்கயே கூப்பிடறாங்க. தெரியும், இருந்தாலும் கேக்கறப்ப ஈரக்குலை நடுங்குது. ஆனா ஒண்ணு, அந்தப் பொண்ணு குரல் இருக்கே, அவ்வளவு அருமை. உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கா?"

மோகனா மணியைப் பார்த்தாள். ஒன்பது ஒன்பது. எழுந்து, பக்கவாட்டுச் சந்து வழியாகச் சமையலறை ஜன்னலுக்குப் போனாள். கொசுவலைக்கு உள்ளே இருட்டாக இருந்தது. ஆணியில் விசில் இல்லை. சுவரில் பெட்டி இருந்தது.

சின்ன விளக்கு எரிந்தது.

"சாப்டாச்சுங்களா டீச்சர்?"

அவளுடைய குரல். சேர்ந்த முதல் மாதத்துக் குரல். அந்தச் சிரிப்பு, அந்தக் குழைவு எல்லாம் அப்படியே இருந்தது. தான் இங்கே வெளியே நிற்க, தான் அங்கே உள்ளே பேசுவதைக் கேட்டு அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வீடு பதில் சொல்லவில்லை. பெட்டி ஒரு பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் காத்திருந்தது.

"அப்படிங்களா, ரொம்ப நல்லதுங்க. மருந்து போட்டுக்கிட்டீங்களா?"

மறுபடி அதே நேரம்.

"ரொம்ப நல்லதுங்க டீச்சர்."

மோகனாவின் குரலை மாட்டிக்கொண்டு, இருபது நாளாக யாரோ ஒரு பெண் செத்துப்போனவரிடம் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் வராதது அவளுக்குத் தெரியவில்லை. எந்தக் கிளையோ, எந்த ஊரோ, என்ன பெயரோ. தினமும் ஐந்து வாங்கிக்கொண்டு, பச்சை விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது.

"நாளைக்குக் கூப்பிடறேனுங்க..."

"கண்ணு!" மோகனா ஜன்னலில் வாயை வைத்துக் கத்தினாள். "கண்ணு, வெச்சராதே! நீ சாப்ட்டியா?"

பேச்சு நின்றது. டீச்சரா, யார் நீங்க, எங்கிருந்து பேசறீங்க என்று எதையாவது கேட்பாள் என்று மோகனா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆச்சுங்க" என்றது அவளுடைய குரல், ரொம்பப் பிரியமாக. அழைப்பு துண்டித்துக்கொண்டது.

பெட்டி கேட்டது: "இன்றைய பேச்சு எப்படி இருந்தது? ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லுங்கள்."

அந்தப் பெண்ணின் வீட்டில் என்ன நிலைமையோ. வேலை போய்விட்டால் என்ன செய்வாளோ. மண்ணை வாரித் தூற்றத்தான் போகிறாள், தூற்றட்டும். மோகனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு" என்றாள்.

காதில் விழுந்ததோ இல்லையோ என்று, தன் வறண்ட குரலை உயர்த்தி, விசில் ஊதுகிற மாதிரி இன்னொரு தடவை கத்தினாள். "ஒண்ணு!"

"நன்றி" என்று சொல்லிவிட்டுப் பெட்டி அணைந்தது.

பெர்னத் அம்மாள் சந்து முனையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். மோகனா அவரிடம் போனாள்.

"இன்னும் ரெண்டு நாளு நான் இந்நேரத்துக்கு இங்க வரணுமுங்க" என்றாள். "எதுக்குன்னு சொல்றேன், உக்காருங்க. டீச்சரை அந்த ரெண்டு மணி நேரம் தரையில போட்டது நாந்தானுங்க."